சனிக்கிழமை மாலும் 63 பழைய உடைகளும்

கேள்வி:

எனக்கு வயது 41. கல்லூரி நாட்களில் நானும் இரண்டு தோழிகளும் சனிக்கிழமை தவறாமல் ஒரு மாலுக்குப் போவோம். கையில் காசு இருக்காது. ஒரு குளிர்பானத்தை மூவரும் பகிர்ந்துகொண்டு நான்கு மணி நேரம் சுற்றுவோம். பல வருடமாகப் பாதி காலியாகக் கிடந்த அந்த மாலை இடிக்கப் போகிறார்கள். கடைசி நாள் போய் நின்றேன், அழுகை வந்துவிட்டது. ஒரு கட்டடத்துக்காக யாராவது அழுவார்களா?

இன்னொரு விஷயம். ஆடைத் தொழிலைப் பற்றிப் படித்த பிறகு, இரண்டு வருடமாக நான் புது உடை வாங்குவதில்லை; செகண்ட் ஹேண்ட் மட்டும்தான். இப்போது எண்ணிப் பார்த்தால் 63 உடைகள் சேர்ந்திருக்கின்றன. பாதியை ஒரு முறைகூடப் போடவில்லை. அதில் ஒன்று கார்டுராய் ஜாக்கெட். அந்தக் காலத்தில் மாலில் கண்ணாடிக்குப் பின்னால் பார்த்து ஏங்கியது போலவே ஒன்று. தோளில் சரியாக இருக்கிறது, மார்பில் பட்டன் போட முடியவில்லை. என் கணவர் "ஊரார் போட்டுக் கழித்தது நம் அலமாரியில்" என்கிறார். 15 வயது மகளோ வாரம் ஒரு பார்சல் வரவழைக்கிறாள். நான் கொண்டு வருவதைத் தொடக்கூட மாட்டேன் என்கிறாள். நான் செய்வது சரிதானா? பழைய உடையில் நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது?

- ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

"அந்த மாலை இடிக்கப் போகிறார்கள்" என்ற இடத்தில் ஒரு கணம் குழம்பிவிட்டேன். மாலையை, அதாவது சாயங்காலத்தை, யார் எப்படி இடிப்பார்கள்? இரண்டாம் முறை படித்தபோதுதான் கட்டடம் என்று புரிந்தது. ஆனால் நான் முதலில் படித்ததும் அவ்வளவு தப்பில்லை என்று கடிதத்தை முடிப்பதற்குள் தோன்றிவிட்டது.

முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன், நான் மனநல ஆலோசகர் இல்லை. ஆடைத் தொழிற்சாலைகளில் 27 வருடம் தரப் பரிசோதனை மேசையில் நின்றவள். சட்டையை உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்க்கத் தெரியும். மனசைத் திருப்பிப் பார்க்கப் படிக்கவில்லை. இருந்தாலும் உங்கள் அழுகையும் உங்கள் அலமாரியும் ஒரே நூலில் ஓடுவதாகப் படுகிறது. அதனால் இரண்டையும் சேர்த்தே பேசுகிறேன்.

சுவரும் கூரையும் குளிர்சாதனமுமாக மூடிய மாலை முதன்முதலில் வடிவமைத்தவர் விக்டர் க்ரூயன் என்ற கட்டடக் கலைஞர். வியன்னாவில் பிறந்தவர், நாஜிகள் உள்ளே நுழைந்த 1938இல் அமெரிக்காவுக்குத் தப்பிப் போனவர். மினசோட்டா மாநிலத்தில் 1956இல் திறந்த சவுத்டேல் அவர் வரைந்தது. வெளியே பனி கொட்டினாலும் வெயில் கொளுத்தினாலும் உள்ளே வருடம் முழுக்க ஒரே இதம். நடுவில் பெரிய முற்றம், செடிகள், பறவைக் கூண்டு. வியன்னாவில் மக்கள் கடைவீதியிலும் காபிக் கடையிலும் பொழுதைக் கழித்ததை, எங்கே போனாலும் காரிலேயே போய்வந்த புறநகர்க்காரர்களுக்குக் கொடுக்க ஆசைப்பட்டார். மாலைச் சுற்றி ஒரு முழு நகரமே வளரும் என்று கனவு கண்டார். சுற்றி வந்தது பெரும்பாலும் கார் நிறுத்துமிடம். வயதான காலத்தில் வியன்னாவுக்குத் திரும்பியவர், 1978இல் ஓர் உரையில், இந்த மால்களுக்கு நான் பொறுப்பில்லை என்று கையைக் கழுவிவிட்டார். ஆனாலும் பெயர் போகவில்லை. வாங்க வந்ததை மறந்து, கால் போன போக்கில் சுற்ற ஆரம்பிக்கும் அந்தக் கணத்துக்கே 'க்ரூயன் மாற்றம்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெரிய கடைகள் இரண்டு கோடியிலும் இருக்கும், சின்னக் கடைகள் நடுவில் இருக்கும். ஒரு மாடி ஏறி இறங்கியதும் அடுத்த எஸ்கலேட்டருக்கு எதிர்ப்பக்கம் போக வேண்டியிருக்கும். எல்லாம் உங்களை நடக்க வைக்கத்தான். நடந்தால் கண்ணில் படும், கண்ணில் பட்டால் வாங்குவீர்கள் என்ற கணக்கு.

அந்தக் கணக்கை நீங்கள் மூவரும் பொய்யாக்கினீர்கள். நான்கு மணி நேரம் சுற்றி ஒரே ஒரு குளிர்பானம்! க்ரூயன் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார், கடைக்காரர்கள் தலையில் அடித்துக்கொண்டிருப்பார்கள். காசில்லாத மூன்று பெண்பிள்ளைகள், யார் அதட்டலும் இல்லாமல், மழை வெயில் படாமல் ஒரு மதியம் முழுக்க உட்கார்ந்து சிரிக்க ஓர் இடம். அப்படி ஓர் இடம் போனால் அழுகை வரும். வராவிட்டால்தான் யோசிக்க வேண்டும்.

ஆனால் ஒன்று. உங்கள் கடிதத்தில் மால் ஒரு பக்கம், மலிவு ஃபேஷன் இன்னொரு பக்கம் என்று நிற்கின்றன. ஒன்று அப்பாவி, மற்றது குற்றவாளி. நான் மேசையின் மறுபக்கம் இருந்தவள், எனக்கு அப்படித் தெரியவில்லை. வாராவாரம் புது டிசைனைத் தொங்கவிடும் சங்கிலிக் கடைகள் வளர்ந்தது அந்தப் பளபளப்பான தரையில்தான். 1974 முதல் நாடுகளுக்கிடையே ஜவுளி ஏற்றுமதிக்கு அளவு வைத்திருந்த பன்னாட்டு ஏற்பாடு ஒன்று இருந்தது. எந்த நாடு எவ்வளவு அனுப்பலாம் என்று கோட்டா. 2005 ஜனவரி 1இல் அது முழுவதும் எடுக்கப்பட்டது. அதற்குப் பிறகு எங்கே கூலி குறைவோ, எங்கே சீக்கிரம் முடியுமோ அங்கே ஆர்டர் ஓடியது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு மாதிரி உடை கையில் வந்தால் துவைத்து, காயவைத்து, அளந்து, மறுபடி துவைத்துப் பார்க்க நாள் இருந்தது. பிற்பாடு, துவைத்த மாதிரி காய்வதற்குள் கன்டெய்னர் கிளம்பிவிடும். அவசரம் முதலில் எங்கே கை வைக்கும் தெரியுமா? தையலுக்கு உள்ளே விடும் துணியில். அரை அங்குலம் கால் அங்குலமாகும். அப்புறம் தையலின் நெருக்கம். அங்குலத்துக்கு 12 விழுந்த இடத்தில் 9 விழும். வெளியிலிருந்து பார்த்தால் அதே சட்டைதான்.

எல்லன் மெக்கார்தர் அறக்கட்டளை 2017இல் வெளியிட்ட அறிக்கையில், 2000க்குப் பிந்தைய 15 வருடத்தில் உலகின் ஆடை உற்பத்தி ஏறக்குறைய இரண்டு மடங்கானது என்று இருக்கிறது. ஓர் உடையைத் தூக்கிப் போடுமுன் எத்தனை முறை போடுகிறோம் என்பதோ மூன்றில் ஒரு பங்குக்கு மேல் சரிந்திருந்தது. எங்களுக்கு இந்தக் கணக்கு காகிதத்தில் வருவதற்கு முன்பே கையில் தெரிந்தது, துணியின் கனத்தில்.

2013 ஏப்ரல் 24இல் வங்கதேசத்தில் டாக்காவுக்குப் பக்கத்தில் ஆடைத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்ததை நீங்கள் படித்திருப்பீர்கள். அதில் ஒரு விவரம் என்னை இன்னும் விடவில்லை. அந்தக் கட்டடத்தின் கீழ்த்தளங்களில் கடைகளும் ஒரு வங்கியும் இருந்தன. முந்தின நாள் சுவரில் விரிசல் தெரிந்ததும் அவற்றை மூடிவிட்டார்கள். மேல் மாடிகளில் தைத்தவர்களை மட்டும் மறுநாள் காலை வேலைக்குக் கூப்பிட்டார்கள். 1,134 பேர் இறந்தார்கள். கீழே கடை, மேலே தையல் என்று இரண்டும் ஒரே கட்டடத்தில் இருந்ததால் அன்று கண்ணுக்குத் தெரிந்தது. மற்ற இடங்களில் நடுவில் ஒரு கடல் இருக்கும், அவ்வளவுதான் வித்தியாசம்.

சரி, உங்கள் 63க்கு வருகிறேன். கொஞ்சம் கடுமையாகச் சொன்னால் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

பழைய உடை வாங்குவது நல்லதா என்றால், அது ஒரு புது உடையை வாங்காமல் தடுத்தால் நல்லது. தடுக்காவிட்டால் அது இன்னொரு உடை, அவ்வளவே. போடாத 30 உடையும் நீங்கள் வாங்காமல் இருந்திருந்தால் வேறு யாராவது வாங்கிப் போட்டிருக்கக்கூடும். அது கிடைக்காத அந்த ஆள் ஒருவேளை புதுசு வாங்கப் போயிருப்பார். இன்னொரு பக்கம், செகண்ட் ஹேண்ட் கடை இருக்கிறதே என்ற தைரியத்தில் புதுசு வாங்கி இரண்டு முறை போட்டுக் கொடுத்துவிடுகிறவர்களும் உண்டு. அப்படிக் கொடுத்தது எல்லாம் நல்ல கைக்குப் போவதில்லை. விற்காததை அழுத்திக் கட்டி மூட்டையாக்கிக் கப்பலேற்றுகிறார்கள். கானாவின் தலைநகர் அக்ராவில் கான்டமான்டோ என்ற சந்தை இருக்கிறது. அங்கே வியாபாரிகள் மூட்டையைப் பிரித்துப் பார்க்காமலே கடன் வாங்கிக் காசு கட்டுகிறார்கள். உள்ளே கிழிசலும் கறையுமாக இருந்தால் நஷ்டம் அவர்கள் தலையில். விற்காதது சாக்கடையிலும் கடற்கரையிலும் சேர்கிறது. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில் உடை மலைபோல் குவிந்திருக்கும் படங்களைப் பார்த்திருப்பீர்கள், அதுவும் பெரும்பாலும் இந்த வழியில் போய்ச் சேர்ந்ததுதான். மறுசுழற்சி செய்துவிடுவார்களே என்று நினைக்க வேண்டாம். பழைய உடை மறுபடி உடையாக மாறுவது நூற்றுக்கு ஒரு பங்குகூட இல்லை. பருத்தியும் பாலியஸ்டரும் ரப்பர்போல் இழுபடும் லைக்ரா நூலும் கலந்து நெய்ததைப் பிரித்தெடுப்பது, பாலில் கலந்த தண்ணீரைப் பிரிப்பது மாதிரி.

இப்போது சொல்லுங்கள், அந்த 63ஐ எந்த நாட்களில் வாங்கினீர்கள்? எனக்கென்னவோ, பாதிக்கு மேல் சனிக்கிழமையாக இருக்கும் என்று படுகிறது. தனியாகப் போயிருப்பீர்கள். இரண்டு மணி நேரம் ஹேங்கர்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்ததில் மனசு லேசாகியிருக்கும். வெறுங்கையோடு வர மனமில்லாமல், எப்படியும் பழசுதானே, பாவம் ஒன்றும் இல்லையே என்று ஒன்றை எடுத்திருப்பீர்கள். அன்று மாலில் நுழைந்த பெண்ணுக்குக் கையில் காசில்லை, கூட இரண்டு பேர் இருந்தார்கள். இன்று காசு இருக்கிறது, கூட ஆள் இல்லை. அந்த ஜாக்கெட்டை நீங்கள் எழுதியிருக்கும் விதத்திலேயே இது தெரிகிறது. நான் தப்பாக ஊகித்திருந்தால் மன்னித்துவிடுங்கள்.

ஆறு மாதத்துக்கு ஒன்றும் வாங்காதீர்கள் என்று சபதமெல்லாம் போடச் சொல்ல மாட்டேன். சபதம் முடிந்த மறுநாள் என்ன நடக்கும் என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். போடாதவற்றை எடுத்து வெளியே தொங்கவிட்டு, வாரத்துக்கு இரண்டு வீதம் போட்டுப் பாருங்கள். ஒரு நாள் முழுக்கப் போட்டு நடந்து உட்கார்ந்து வேலை செய்தால்தான் உடை தன் குணத்தைக் காட்டும். கழுத்து அரித்ததோ, இடுப்பு பிடித்ததோ தனியே போகட்டும். தெரிந்தவர்களில் யாருக்குச் சரியாக இருக்கும் என்று பார்த்து, ஆளைக் கேட்டுக் கையில் கொடுங்கள். பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வருவதைவிட அது மேல்.

அப்புறம், கடைக்குப் போகும்போது கைப்பையில் ஒரு அளவு நாடா. உங்களிடம் மிக நன்றாகப் பொருந்தும் ஒரு சட்டை, ஒரு பேன்ட், ஒரு கோட்டைத் தரையில் விரித்துத் தோள், மார்பு, இடுப்பு, நீளம், உள்கால் அளந்து சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். லேபிளில் உள்ள எண்ணை நம்ப வேண்டாம். ஒரே எண்ணுக்கு ஒவ்வொரு கம்பெனியும் ஒவ்வொரு அளவு வைக்கும். வாங்குகிறவர் மனம் குளிர, வருடங்கள் போகப் போக அதே எண்ணுக்குள் அங்குலத்தைக் கூட்டிக்கொண்டே வந்திருக்கிறார்கள். நாடா பொய் சொல்லாது. கொஞ்சம் இறுக்கம்தான், இளைத்துவிடுவேன் என்று வாங்கிய உடை இந்த 63இல் எத்தனை என்று நான் கேட்கப்போவதில்லை.

நல்லதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று கேட்டீர்களே, எனக்குப் பிடித்த இடம் இதுதான். கொஞ்சம் நீளும்.

உடையை எடுத்ததும் முகத்தைப் பார்க்காதீர்கள், உள்பக்கம் திருப்புங்கள். தையலுக்கு அப்பால் எவ்வளவு துணி மிச்சம் விட்டிருக்கிறார்கள்? விரல் அகலம் இருந்தால், நாளைக்குப் பிரித்துப் பெரிதாக்கவும் வழி இருக்கிறது, தைத்தவர்களுக்கு நேரமும் இருந்திருக்கிறது. துணியின் ஓரம் பிரியாமலிருக்கச் சுற்றி அடிக்கும் ஓவர்லாக்கோடு ஒட்டித் தையல் ஓடினால் ஒருமுறை இழுத்தாலே பிரியலாம். தையலின் இரண்டு பக்கமும் பிடித்து மெல்ல இழுங்கள். பல் தெரிவதுபோல் நூல் இளித்தால் வைத்துவிடுங்கள். கட்டம் போட்டதோ கோடு போட்டதோ என்றால், பக்கத் தையலிலும் பாக்கெட்டிலும் கோடு கோட்டோடு சேர்கிறதா என்று பாருங்கள். சேர்ப்பதற்குத் துணி கூடுதலாகச் செலவாகும். அந்தச் செலவைச் செய்தவர்கள் மற்ற இடத்திலும் பெரும்பாலும் கைவிட்டிருக்க மாட்டார்கள்.

அடுத்தது வெளிச்சம். ஜன்னல் பக்கம் போய் முழங்கை, பின்பக்கம், தொடையின் உள்பக்கம் மூன்றையும் வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். மற்ற இடத்தைவிட அங்கே வெளிச்சம் அதிகம் ஊடுருவினால் துணி தேய்ந்துவிட்டது. இன்னும் பத்து துவைப்பில் கிழியும். உரசும் இடங்களில் உருண்டை உருண்டையாகப் பொடி கட்டியிருக்கிறதா? கம்பளியில் அது பெரிய குறை இல்லை, சீப்பால் எடுத்துவிடலாம், நாளாக ஆகக் குறையும். பாலியஸ்டர் கலந்ததில் அந்த உருண்டை உதிரவும் உதிராது, எடுத்தால் புதிதாக வந்துகொண்டே இருக்கும். டி-ஷர்ட்டை விரித்துப் போட்டால் பக்கத் தையல் முறுக்கிக்கொண்டு வயிற்றுப் பக்கம் வருகிறதா? அதை எந்தத் தையற்காரராலும் நேராக்க முடியாது. பின்னலிலோ வெட்டிலோ அன்றே விழுந்த கோணல் அது.

இழுத்தால் நீளும் துணியில் சின்னச் சின்ன வெள்ளை முடிபோல் நீட்டிக்கொண்டிருந்தால், உள்ளே லைக்ரா அறுந்து வெளியே வருகிறது என்று பொருள். முழங்கால் தொளதொளத்தால் திரும்ப இறுகாது. தோல்போலப் பளபளக்கும் செயற்கைத் தோல் ஜாக்கெட்டும் அப்படித்தான். அதன் மேல்பூச்சு காற்றிலுள்ள ஈரத்திலேயே மெல்ல மெல்ல இற்றுப்போகும், அலமாரியில் சும்மா தொங்கினாலும்கூட. வாங்கிய வாரம் அழகாக இருந்து, மறுவருடம் செதில் செதிலாகக் கழுத்தில் ஒட்டும். நானே ஒன்று வாங்கி ஏமாந்திருக்கிறேன், 27 வருட அனுபவத்தை வைத்துக்கொண்டு!

அக்குளில் மஞ்சளாகக் கெட்டித்துப் போன கறை பெரும்பாலும் போகாது. வியர்வையும் வியர்வை தடுக்கும் பூச்சிலுள்ள அலுமினிய உப்பும் சேர்ந்து படிவது அது. காலர் மடிப்பு மட்டும் தேய்ந்திருந்தால் காலரைப் பிரித்துத் திருப்பித் தைத்துவிடலாம், பழைய தையற்காரர்களுக்கு இது கைவந்த வேலை. பட்டன் இல்லை, ஓரம் பிரிந்திருக்கிறது, லைனிங் கிழிந்திருக்கிறது, ஜிப் போய்விட்டது என்பதெல்லாம் குறையே இல்லை. சொல்லப்போனால் பேரம் பேச நல்ல சாக்கு. ஆனால் ஜிப் மாற்றும் கூலியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். கம்பளி சுருங்கி அட்டைபோல் ஆகியிருந்தால் அது முடிந்த கதை. பூச்சி அரித்த சின்ன ஓட்டையை ரஃபு போட்டு, அதாவது நூலால் பின்னி, மூடலாம். என்ன துணி என்று சொல்லும் லேபிளை வெட்டியிருந்தால் ஓரத்தைக் கைக்குள் கசக்கிப் பத்து எண்ணிவிட்டு விடுங்கள். பருத்தியும் லினனும் சுருக்கத்தை வைத்துக்கொள்ளும், பாலியஸ்டர் நிமிர்ந்துவிடும். நெருப்பு வைத்துப் பார்க்கலாம் என்று யாராவது சொல்வார்கள். கடைக்குள் வேண்டாம் தாயே.

வாங்கவே வேண்டாதவை சில. உள்ளாடை, இலாஸ்டிக் தளர்ந்த நீச்சலுடை, வேறொருவர் பாதத்துக்கு அச்சாகிப்போன காலணி. சின்னக் குழந்தைகளின் பழைய உடையில் கழுத்துப் பக்கம் கயிறு இருந்தால், வாங்கினாலும் உருவி எறிந்துவிடுங்கள். அது எங்காவது மாட்டிக்கொண்டால் கழுத்தை இறுக்கும்.

ஒரு மயக்கத்தையும் தெளிவாக்கிவிடுகிறேன். பழைய உடைக் கடையில் நிற்கும்போது, அந்தக் காலத்துத் துணிபோல் இப்போது வருமா என்று எல்லோருக்கும் தோன்றும். பாதிதான் உண்மை. அந்தக் காலத்திலும் மட்டமான சட்டைகள் ஏராளமாகத் தைத்தார்கள். அவை அப்போதே கிழிந்து கரித்துணியாகிப் போய்விட்டன. தாக்குப்பிடித்தவை மட்டும் இன்று ஹேங்கரில் தொங்குகின்றன, அவ்வளவே. உங்கள் மால் நினைவுக்கும் இது கொஞ்சம் பொருந்தும். கால் வலித்த, சலித்துப்போன, தோழியோடு சண்டை போட்டுக்கொண்டு வந்த சனிக்கிழமைகளும் இருந்திருக்கும்தானே?

உங்கள் கணவர் விஷயம் சுலபம். ஹோட்டலில் தங்கினால் அவர் தன் சொந்தப் படுக்கை விரிப்பைக் கொண்டு போகிறாரா என்று கேளுங்கள். புதுக் கடையில் அவர் வாங்கும் சட்டையும் எத்தனை பேர் போட்டுப் பார்த்துக் கழற்றியதோ. புதுத் துணியையும் நான் துவைத்துத்தான் போடச் சொல்வேன். சுருக்கம் விழாமலிருக்க ஏற்றும் பிசின்களில் பலவற்றில் ஃபார்மால்டிஹைடு சேர்ந்திருக்கும், சிலருக்குத் தோல் அரிக்கும். அதே சமயம் அவர் பயத்தில் நியாயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். வாங்கி வந்ததை நேரே அலமாரியில் வைக்காதீர்கள், பையைக் கட்டியே வையுங்கள். துவைக்கக்கூடியதைச் சுடுநீரில் துவைத்து, டிரையரில் அதிகச் சூட்டில் அரை மணி நேரம் ஓட்டினால் மூட்டைப்பூச்சியும் அதன் முட்டையும் சாகும். சூடு ஆகாத கம்பளியைப் பையில் கட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் நாலைந்து நாள் வையுங்கள். அந்துருண்டை நாற்றம் சோப்புக்கு மசியாது. நிழலில் காற்றோட்டமாகப் பல நாள் தொங்கவிட வேண்டியதுதான். பூஞ்சை வாடையோடு கரும்புள்ளியும் சேர்ந்திருந்தால் மட்டும் அவர் பக்கம் சேர்ந்துகொள்ளுங்கள்.

மகள் விஷயத்தில் தடை போடலாமா என்று நீங்கள் வெளிப்படையாகக் கேட்கவில்லை, ஆனால் கேள்வி அங்கேதான் நிற்கிறது. போடாதீர்கள். 63 உடையோடு நிற்கும் அம்மா ஒரு பார்சலைக் காட்டிப் பாடம் எடுத்தால் 15 வயதுப் பிள்ளை என்ன பதில் சொல்லும் என்று உங்களுக்கே தெரியும். தவிர, அவளுக்கு இன்று மால் எங்கே இருக்கிறது? காசில்லாமல் நான்கு மணி நேரம் உட்கார விடும் இடம் எங்கே? தோழிகளோடு சேர்ந்து அவள் சுற்றுவது அந்தச் சின்னத் திரைக்குள்தான். அங்கே க்ரூயனின் எஸ்கலேட்டர்கூட வேண்டாம், கட்டைவிரலை மேலே தள்ளினால் போதும். குளிர்பானத்தைப் பகிர்ந்துகொண்டு வெறுமனே சுற்றிவிட்டு வரும் வழிதான் அதில் இல்லை.

அடுத்த பார்சல் வரும்போது சண்டை வேண்டாம். இரண்டு பேரும் உட்கார்ந்து அதை உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். நான் மேலே எழுதியதை அவளிடமே கொடுத்து, அவளையே தரப் பரிசோதகர் ஆக்குங்கள். அவள் உடைக்கும் மதிப்பெண், உங்கள் 63இல் அவள் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கும் ஒன்றுக்கும் மதிப்பெண். உங்களுடையது தோற்றாலும் ஒப்புக்கொள்ளுங்கள். சில நிச்சயம் தோற்கும். நான் பயிற்சி கொடுத்த பிள்ளைகளில் ஒருத்திகூட, தையலைப் பார்க்கக் கற்ற பிறகு உடையைப் பழையபடி பார்த்ததில்லை. அதற்குப் பிறகும் அவள் பார்சல் வரவழைக்கலாம். வாரத்துக்கு ஒன்று என்பது மாதத்துக்கு ஒன்றானாலே பெரிய விஷயம். நீங்கள் தேர்ந்தெடுத்து வந்து நீட்டுவதை மட்டும் நிறுத்துங்கள். 15 வயதில் உங்கள் அம்மா எடுத்து வந்த உடையை நீங்கள் ஆசையாகப் போட்டீர்களா?

அந்த இரண்டு தோழிகளைப் பற்றிக் கடிதத்தில் அப்புறம் ஒரு வரிகூட இல்லை. எங்கே இருக்கிறார்கள்? பேச்சு இருக்கிறதா? ஒரே ஊரில் இருந்தால் ஒரு சனிக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லுங்கள், அவர்களும் போடாத உடைகளை எடுத்து வரட்டும். மூன்று பேருடையதும் கட்டிலில் கொட்டி, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள், ஒன்றும் பொருந்தாவிட்டாலும் நஷ்டமில்லை. தூரத்தில் இருந்தால் போனில் கூப்பிட்டு, மால் போய்விட்டது என்ற செய்தியையாவது சொல்லுங்கள். அவர்களுக்கு இன்னும் தெரியாமல் இருக்கலாம்.

கடைசியாக அந்த கார்டுராய் ஜாக்கெட். அதை மட்டும் யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள், அவசரப்பட்டுத் தையற்காரரிடமும் போகாதீர்கள். தோள் சரியாக இருப்பது பெரிய அதிர்ஷ்டம், ஏனென்றால் தோளைத் திருத்துவதுதான் கஷ்டம். லைனிங்கின் அடி ஓரத்தில் நாலு விரல் அளவு பிரித்து, உள்ளே கையை விட்டுப் பக்கத் தையலில் எவ்வளவு துணி மிச்சம் என்று அளந்து பாருங்கள். ஒவ்வொரு ஓரத்திலும் கால் அங்குலம் தாராளமாக எடுக்க முடிந்தால், இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு அங்குலம் கிடைக்கும். பட்டனையும் ஓரத்தை ஒட்டிச் சற்றுத் தள்ளித் தைத்தால் போட வந்துவிடும். மிச்சம் இல்லாவிட்டால், கிட்டத்தட்ட அதே நிறத் துணியில் பக்கவாட்டில் ஒரு பட்டை வைத்துத் தைக்கலாம். எப்படிச் செய்தாலும் பழைய தையல் ஓடிய இடத்தில் ஒரு கோடு தெரியும், கார்டுராயில் அது துவைத்தாலும் போகாது. கையைத் தூக்கினால்தான் தெரியும் இடம் அது. அளந்து பார்த்துவிட்டு எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆடை ஆலோசகர்